கர்த்தரின் வல்லமையை நினைவுகூருதல்: விசுவாசம் தளரும்போது எழும் கேள்விகள்

வேதபாட வகுப்புகளிலும் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் அடிக்கடி எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வசனங்கள் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. மேற்கோள்களைப் படித்ததோடு நிறுத்திவிடாமல், அந்தந்த அதிகாரத்தைத் திறந்து முழுவதும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விசுவாசம் தளரும்போது தேவனுடைய வல்லமையை நினைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். வேதாகமம் அப்படிச் சொல்கிறதா?

உபாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை சொல்கிறது. ஆனால் ஒரு மனிதன் அதைச் செய்யும்போது அவனுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் 77-ஆம் சங்கீதத்துக்குத்தான் போக வேண்டும். அது ஆசாப்பின் சங்கீதம்.

ஆசாப் தூக்கமின்றித் தவிக்கிறார். "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்" என்று தேவனிடமே சொல்கிறார். இரவெல்லாம் கை விரித்து ஜெபித்தும் ஆறுதல் கிடைக்கவில்லை. அடுத்து அவர் சொல்வதைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்: "நான் தேவனை நினைத்தபோது அலறினேன், நான் தியானிக்கும்போது என் ஆவி தொய்ந்துபோயிற்று." தேவனை நினைத்தது முதலில் அவருக்கு வலியைத்தான் கொடுத்தது. அன்று அப்படிச் செய்தவர் இன்று ஏன் மௌனமாக இருக்கிறார் என்ற கேள்வி எழுந்தது. அதை அவர் விழுங்கிவிடவில்லை. ஆண்டவர் நித்தியகாலமாய்த் தள்ளிவிடுவாரோ, கிருபை முற்றிலும் அற்றுப்போயிற்றோ, "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறார்.

திருப்பம் 10, 11-ஆம் வசனங்களில் வருகிறது. "கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன், உம்முடைய பூர்வகாலத்து அதிசயங்களையே நினைவுகூருவேன்." மனம் இன்னும் ஆறவில்லை. இருந்தும் அவர் தீர்மானம் எடுத்துச் செயல்படுகிறார். அதுவரை தன் படுக்கை, தன் கண்ணிமை, தன் சஞ்சலம் என்று பேசிக்கொண்டிருந்தவர், 13-ஆம் வசனத்திலிருந்து தன்னைப் பற்றிய பேச்சையே விட்டுவிடுகிறார். செங்கடல் கண்முன் விரிகிறது. "ஜலங்கள் உம்மைக் கண்டு தத்தளித்தது, ஆழங்களும் கலங்கினது" என்கிறார். மேகங்கள் ஜலங்களைப் பொழிகின்றன, இடி முழங்குகிறது, பூமி அதிர்கிறது. அன்று கரையில் நின்றவர்போல ஒவ்வொன்றாக விவரிக்கிறார்.

நினைவுகூருதல் என்று வேதாகமம் சொல்வது இதைத்தான். 'தேவன் வல்லவர்' என்று ஒரு வரியில் ஒப்புக்கொள்வது எளிது. அவர் எங்கே, யாருக்கு, எப்படிச் செய்தார் என்று நிதானமாக மனக்கண்ணில் கொண்டுவர நேரம் ஒதுக்க வேண்டும். ஆசாப் நேரம் எடுத்துக்கொண்டார்.

அப்படி நினைத்துப் பார்த்ததும் ஆசாப்பின் பிரச்சினை தீர்ந்ததா?

சங்கீதம் அப்படிச் சொல்லவில்லை. "மோசே ஆரோன் என்பவர்களின் கையால், உமது ஜனங்களை ஒரு ஆட்டுமந்தையைப்போல வழிநடத்தினீர்" என்பதோடு சட்டென்று முடிகிறது. பதில் கிடைத்தது, நோய் நீங்கியது, எதிரி ஓடினான் என்று ஒரு வார்த்தையும் இல்லை. அதற்கு முந்தைய வசனமோ, கடலின் நடுவே தேவனுக்கு வழி இருந்ததாகவும் "உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று" என்றும் சொல்கிறது. கடலைக் கடந்தவர்களுக்கே அவருடைய அடிச்சுவடு கண்ணில் படவில்லை. தடம் தெரியாத இடத்திலும் அவர் நடத்தினார் என்பதே அன்றிரவு ஆசாப் பற்றிக்கொண்ட செய்தி.

மனதைத் தேற்றிக்கொள்ள எல்லாரும் செய்யும் பயிற்சிதானே இது? தன்னம்பிக்கைப் பேச்சிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

தன்னம்பிக்கைப் பேச்சு உங்கள் திறமையையும் உங்கள் மன உறுதியையும் நினைக்கச் சொல்கிறது. அது ஓரளவு உதவும், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் உடலும் பணமும் உறவும் ஒரே நேரத்தில் கைவிடும்போது, நினைத்துப் பார்க்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது. ஆபிரகாமின் விசுவாசத்தைப் பவுல் விளக்கும் விதத்தைப் பாருங்கள். ஏறக்குறைய நூறு வயதான தன் சரீரத்தின் நிலையும் சாராளின் கர்ப்பத்தின் நிலையும் ஆபிரகாமுக்கு நன்றாகவே தெரியும். நிலைமையைக் குறைத்துக் காட்டிக்கொள்ளும் தேவை அவருக்கு இருக்கவில்லை. தேவன் "வாக்குத்தத்தம்பண்ணினதை நிறைவேற்ற வல்லவராயிருக்கிறாரென்று" அவர் நம்பினார் என்கிறது ரோமர் 4-ஆம் அதிகாரம்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. நினைவுகூருவது நடந்த ஒரு காரியமாக இருக்க வேண்டும். கிறிஸ்து எழுந்திராவிட்டால் "உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்" என்று 1 கொரிந்தியர் 15-இல் பவுல் வெளிப்படையாக எழுதுகிறார். வெறும் மனப்பயிற்சியாக இருந்திருந்தால் அப்படி எழுத அவருக்கு அவசியமே இல்லை.

இயேசுவின் அற்புதங்களைக் கண்ணால் கண்ட சீஷர்களே மறந்துவிட்டார்களே?

ஆம், அது எனக்குப் பெரிய ஆறுதல். மாற்கு 8-ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் படவில் போகிறார்கள். அப்பம் எடுத்துவர மறந்துவிட்டார்கள், படவில் இருப்பது ஒரே அப்பம். பரிசேயருடைய புளித்தமாவைக் குறித்து இயேசு எச்சரிக்கிறார். அவர்களோ அப்பம் கொண்டுவராததற்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அதற்குச் சற்று முன்புதான் ஏழு அப்பங்களால் நாலாயிரம் பேர் சாப்பிட்டிருந்தார்கள்.

இயேசு அவர்களிடம் கேட்கும் கேள்வி: "நினைவுகூராமலுமிருக்கிறீர்களா?" அதோடு விடாமல் கணக்குக் கேட்கிறார். ஐந்து அப்பங்களை ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்டபோது மீதியானதை எத்தனை கூடை நிறைய எடுத்தீர்கள்? பன்னிரண்டு என்றார்கள். ஏழு அப்பங்களை நாலாயிரம் பேருக்குப் பங்கிட்டபோது? ஏழு என்றார்கள். இரண்டு பதிலும் சரி. எண்ணிக்கை அவர்களுக்கு மறக்கவே இல்லை. ஆனாலும், "நீங்கள் உணராதிருக்கிறது எப்படி" என்றுதான் அவர் பேச்சை முடிக்கிறார்.

நம்மிலும் பலருடைய நிலை இதுதான். ஓய்வுநாள் பள்ளியில் படித்த கதைகளை அதிகாரத்தோடு ஒப்பிப்போம். மாதக் கடைசியில் கையில் பணம் தீர்ந்தால், கூடைகளைச் சுமந்த அந்தக் கைகளையே மறந்துவிடுவோம். பன்னிரண்டு கூடைகளுக்கும் இந்தப் படவில் இருக்கும் ஒரே அப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிப்பதில்தான் இயேசு கேட்ட நினைவுகூருதல் இருக்கிறது. கூடவே இதையும் கவனியுங்கள்: மறந்த சீஷர்களை அவர் படவிலிருந்து இறக்கிவிடவில்லை. கேள்வி கேட்டுத் திரும்ப நினைக்க வைத்தார்.

என் வாழ்க்கையில் எந்த அற்புதமும் நடந்ததில்லை. எதை நினைவுகூருவது?

ஆசாப்பும் செங்கடலைக் கண்ணால் கண்டவர் அல்லர். பல தலைமுறைகளுக்குப் பின் பிறந்தவர். தன் ஜனத்துக்கு நடந்ததைத் தனக்கு நடந்ததாகவே எடுத்துக்கொண்டார். உங்களுக்கும் அந்த உரிமை உண்டு.

முதலாவது படைப்பு. பாபிலோனின் சிறையிருப்பில் சோர்ந்து, என் வழி கர்த்தருக்கு மறைவாயிற்று என்று புலம்பும் ஜனத்துக்கு ஏசாயா 40 கொடுக்கும் மருந்து, "உங்கள் கண்களை ஏறெடுத்துப்பாருங்கள், அவைகளைச் சிருஷ்டித்தவர் யார்?" என்பதே. நட்சத்திரங்களைத் தொகைதொகையாகப் புறப்படப்பண்ணி, பேர்பேராக அழைக்கிறவர் அவர் என்கிறது அந்த அதிகாரம். மின்சாரம் நின்றுபோன ஒரு கிராமத்து இரவில் மொட்டை மாடியில் படுத்து இந்த வசனத்தை நினைத்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது, எல்லாவற்றுக்கும் மேலானது, கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல். நமக்குள் செயல்படும் வல்லமையின் அளவைச் சொல்ல வரும் எபேசியர் 1-ஆம் அதிகாரம், கிறிஸ்துவை மரித்தோரிலிருந்து எழுப்பிய அதே வல்லமை என்கிறது. பவுல் சிறையில் சங்கிலியோடு இருந்தபோது, சோர்ந்துபோன தீமோத்தேயுவுக்கு எழுதிய புத்திமதியும் இதுவே. இயேசு கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுப்பப்பட்டவர் என்று "நினைத்துக்கொள்" என்கிறார். திருவிருந்தும் இதற்காகவே கொடுக்கப்பட்டது. "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்" என்று ஆண்டவர் சொன்னது, தனிப்பட்ட அற்புதம் எதையும் சொல்லத் தெரியாத விசுவாசியின் கையிலும் அப்பமும் பாத்திரமும் வந்து சேர்வதற்காகத்தான்.

உங்கள் சொந்த அனுபவங்கள் இவற்றுக்குப் பிறகு வரட்டும். அவற்றையே அஸ்திபாரமாக்கினால், அனுபவம் வறண்ட வருடத்தில் கட்டடமே ஆடும்.

என் கணவருக்காக உபவாசித்து ஜெபித்தோம். அவர் இறந்துவிட்டார். தேவனுடைய வல்லமையை நினைக்கச் சொன்னால் கோபம்தான் வருகிறது. நான் விசுவாசத்தை இழந்துவிட்டேனா?

இல்லை. வல்லமை இல்லாத ஒருவர்மேல் யாருக்கும் கோபம் வராது. அவரால் முடிந்திருக்கும் என்று நீங்கள் இன்னும் நம்புவதால்தான் இவ்வளவு வலிக்கிறது. தங்கள் சகோதரன் லாசரு இறந்தபோது மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து, "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால்" என்று இயேசுவிடம் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். அவர் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. கண்ணீர் விட்டார்.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை வாசித்திருப்பீர்கள். பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததை எல்லாப் பிரசங்கங்களிலும் கேட்கிறோம். அதே அதிகாரத்தின் 2-ஆம் வசனத்தில், யோவானின் சகோதரனாகிய யாக்கோபை ஏரோது பட்டயத்தினால் கொலைசெய்தான். அதே ஊர், அதே சபை, அதே தேவன். யாக்கோபை விடுவிக்காததற்கு லூக்கா காரணம் எழுதவில்லை. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று எழுதவும் இல்லை. எபிரெயர் 11-இலும் இப்படித்தான். சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்களும் வருகிற அதே பட்டியலில், சில வரிகளுக்குள் பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தவர்களும் வருகிறார்கள். இரு தரப்பினரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்று அந்த அதிகாரம் முடிகிறது. அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர்களும், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன கையோடு, "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தை நம் மேடைகளில் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

எனவே நீங்கள் நினைவுகூர வேண்டியது, கேட்டதெல்லாம் கிடைக்கும் என்ற வாக்குறுதியை அல்ல. அப்படி ஒரு வாக்குறுதி கொடுக்கப்படவில்லை. மரணத்துக்குப் பின்னும் செயல்படும் வல்லமை கிறிஸ்துவின் கல்லறையில் வெளிப்பட்டது. உங்கள் கணவருக்காக ஜெபித்த ஜெபமும் அந்தக் கல்லறை வரை போகிறது.

இப்போதைக்கு அதையும் நினைக்க முடியவில்லை என்றால், 88-ஆம் சங்கீதத்தை ஜெபமாக வாசியுங்கள். அது இருளிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தை வேதாகமத்துக்குள் வைத்தவர், உங்கள் கோபத்தையும் கேட்டுக்கொள்வார்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே உட்கார்ந்து தேவனுடைய வல்லமையைப் பற்றிப் பாடம் நடத்தாதீர்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகவே செய்தார்கள்.

"முந்தினவைகளை நினைக்கவேண்டாம்" என்று ஏசாயா 43:18 சொல்கிறதே?

அதற்கு முந்தைய இரண்டு வசனங்களில், கடலில் வழியை உண்டாக்கி இரதங்களையும் குதிரைகளையும் விழப்பண்ணினவர் என்று கர்த்தரே செங்கடலை நினைவூட்டுகிறார். அன்று கடலில் வழி உண்டாக்கினவர் இப்போது வனாந்தரத்தில் வழி உண்டாக்கப்போகிறார். அன்று செய்ததோடு அவர் கை ஓய்ந்துவிட்டது என்று எண்ணாதே என்பதுதான் பொருள். பழைய எழுப்புதல் நாட்களையே பேசிக்கொண்டு, இன்று தேவன் செய்வதைக் காணாமல் இருக்கும் சபைகளுக்கு இந்த வசனம் நேராகப் பொருந்தும்.

ஜெபங்களுக்குக் கிடைத்த பதில்களை எழுதி வைப்பது நல்லதா?

மிகவும் நல்லது. யோர்தானைக் கடந்ததும் நதியின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவரும்படி கர்த்தரே சொன்னார். யோசுவா அவற்றைக் கில்காலில் நாட்டினார். சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி அதற்கு எபெனேசர் என்று பேரிட்டு, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்றார். மனிதன் மறப்பவன் என்று தேவனுக்குத் தெரியும்.

பிரான்ஸ் நாட்டுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கல் 1654 நவம்பர் 23-ஆம் தேதி இரவு, சுமார் பத்தரை மணியிலிருந்து நள்ளிரவு தாண்டி அரை மணி நேரம் வரை, தேவனுடைய பிரசன்னத்தை உணர்ந்தார். 'நெருப்பு' என்ற ஒற்றைச் சொல்லை எழுதி, ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று தொடர்ந்தார். அந்தக் குறிப்பை மேலங்கியின் உட்துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662-இல் அவர் இறந்த பிறகுதான் அது கண்டெடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் நோயோடு போராடிய மனிதர் அந்த ஓர் இரவை உடலோடு ஒட்டியே வைத்திருந்தார்.

நமக்கு இவ்வளவு தேவையில்லை. நம் பாட்டிமார் வேதாகமத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு தேதியும் ஓரிரு சொல்லும் எழுதி வைப்பார்கள். 'தம்பிக்கு ஜுரம்', 'வீட்டுப் பத்திரம்', 'சம்பந்தம் பேசினது'. மெழுகுவர்த்தி சொட்டிய அந்தப் பக்கத்தில் எந்த வசனம் அவர்களைத் தாங்கியது என்று பேரப்பிள்ளைக்குத் தெரிந்துவிடும். தொலைபேசியில் வேதம் வாசிக்கும் தலைமுறை ஒரு சிறு நோட்டையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் தேவன் குணமாக்கியதற்குச் சாட்சியாக இருந்தது. எசேக்கியா ராஜாவின் காலத்தில் ஜனங்கள் அதற்கே தூபங்காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை உடைத்துப்போட்டார் (2 இராஜாக்கள் 18:4).

தினசரி ஜெபத்தில் இதை எப்படிச் செய்வது?

விண்ணப்பத்துக்கு முன் நினைவுகூருதலை வையுங்கள். ஆதிச்சபை மிரட்டப்பட்டபோது செய்த ஜெபத்தை அப்போஸ்தலர் 4-இல் பாருங்கள். வானத்தையும் பூமியையும் சமுத்திரத்தையும் உண்டாக்கினவரே என்று தொடங்கி, பிரதான ஆசாரியரின் மிரட்டல்களை அதற்கப்புறம்தான் சொன்னார்கள். யோசபாத் ராஜாவும் பெரும் படை வருகிறது என்று கேட்டுப் பயந்துபோய், முதலில் தேவன் செய்தவற்றைச் சொல்லி, பிறகு "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை" என்று ஒப்புக்கொண்டார் (2 நாளாகமம் 20).

குடும்ப ஜெபத்தில் 136-ஆம் சங்கீதத்தை ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று பதில் சொல்லும்படி வாசிக்கலாம். 26 வசனங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருட வாக்குத்தத்த அட்டையை ஆவலோடு வாங்குகிறோம். போன வருட அட்டையை எடுத்து, அந்த வசனம் எப்படி நிறைவேறியது என்று பத்து நிமிடம் பேசும் வீடுகள் எத்தனை? அதையும் செய்யலாமே.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அவர்கள் கேட்கும்படி விடுங்கள். இந்தக் கற்கள் ஏது என்று நாளைக்கு உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது சொல்லுங்கள் என்றுதான் யோசுவா 4 சொல்கிறது. பஸ்கா விருந்திலும் பிள்ளையின் கேள்வியிலிருந்தே கதை தொடங்குகிறது. குடும்பத்தின் பஞ்ச காலத்தையும் கடனையும் பிள்ளைகளிடமிருந்து முழுவதும் மறைத்துவிட்டால், அதில் தேவன் நடத்தியதும் சேர்ந்து மறைந்துபோகும். யோசுவாவின் தலைமுறை மறைந்ததும், கர்த்தரையும் அவர் செய்த கிரியையையும் அறியாத வேறொரு சந்ததி எழும்பிற்று என்கிறது நியாயாதிபதிகள் 2:10. இடைவெளி ஒரே ஒரு தலைமுறை.

சாட்சி சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் தவறா? கேட்பவர்களின் விசுவாசம் வளர்கிறதே.

தவறு. பொய்யால் வளர்ந்த விசுவாசம் உண்மை தெரியும் நாளில் பொய்யோடு சேர்ந்து சாகும். மருத்துவரின் சிகிச்சையில் குணமானால், மருத்துவரின் சிகிச்சையில் கர்த்தர் குணமாக்கினார் என்று சொல்லுங்கள்.

எவ்வளவு நினைத்தாலும் மனம் எழும்பவே மாட்டேன் என்கிறது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாகலாம் என்றுகூடத் தோன்றுகிறது. மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவா?

இல்லவே இல்லை. இன்றே போங்கள். உங்கள் நிலையை வீட்டில் ஒருவரிடமாவது இப்போதே சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள்.

எலியா கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்டவர். அந்த அதிகாரத்தைப் புரட்டினால் அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். நினைவுகூர அவருக்கு அற்புதம் இல்லாமலா இருந்தது? தேவன் அங்கே கர்மேலை நினைவூட்டி அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார். தூதனை அனுப்பித் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் வந்து தட்டி எழுப்பி, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம், எழுந்து சாப்பிடு என்றான். ஓரேபில் தேவன் அவரோடு பேசியது அதற்கு நாற்பது நாள் கழித்து.